மிதிவண்டிக்கு ஒரு வழி

கோயம்புத்தூருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், நீலகிரி மலையின் அடிவாரத்தில், பவானி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் மேட்டுப்பாளையம். மலைக்குச் செல்வோர் யாவரும் இவ்வூரின் பெயரை அறிவர். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் இவ்வூரை நின்று கண்டவர் அல்லர். சென்னையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வருவோர், விடியற்காலையில் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, மலை இரயிலில் ஏறிக்கொள்வர். பேருந்திலும் மோட்டார் வண்டியிலும் வருவோர் சாலையோரத்துப் பாக்குத் தோப்புகளையும், அவற்றின் பின்னே எழுந்து நிற்கும் நீல மலையையும் கண்டு மகிழ்ந்தவாறே கடந்து செல்வர்.

இவ்வூர் வளர்ந்ததும் இவ்வழிப்போக்கர்களாலேயே எனலாம். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இருப்புப் பாதை 1873 இல் திறக்கப்பட்டது. அந்நாளில் மலையேற விரும்பியவர்கள் இங்கே புகைவண்டியை விட்டிறங்கிக் குதிரை பூட்டிய தோங்கா வண்டிகளில் குன்னூர் சென்றனர். 1899 இல் குன்னூர் வரையிலும், 1908 இல் உதகமண்டலம் வரையிலும் மலை இரயில் ஓடத் தொடங்கியது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்கள் பொருந்திய இருப்புச் சட்டம் ஒன்று செல்லும். எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றிக்கொண்டு ஏறும். இந்தியாவில் இத்தகைய இருப்புப் பாதை இஃது ஒன்றே. 2005 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இஃது அறிவிக்கப்பட்டது. மலையில் விளையும் உருளைக்கிழங்கும், காரட்டும், முட்டைக்கோசும் இறங்கிவரும் இடமும் மேட்டுப்பாளையமே. ஆதலின் மண்டிகள் பெருகின. மண்டிகளுக்கு வரும் லாரிகளும் பெருகின.

இங்ஙனம் மலைக்கு வாயிலாக அமைந்ததனால் இவ்வூருக்குப் பெருமை உண்டு. ஓர் இடரும் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து உதகமண்டலம் சென்று, அப்பால் குண்டலுப்பேட்டையை அடையும் 181 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரின் ஊடே செல்கின்றது. மலைக்கு விரைவோருக்கு அது நெடுஞ்சாலை. ஊரில் வாழ்வோருக்கோ அதுவே தெரு. அதன் ஒரு பக்கத்தில் வீடும் மறு பக்கத்தில் பள்ளியும் உள்ள ஒரு சிறுமிக்கு, நாள்தோறும் இருமுறை கடக்க வேண்டிய ஆறு போன்றது அது. ஒரே சாலை இரண்டு வேலைகளைச் செய்ய முற்படுகின்றது. இரண்டனுள் எளியவர் வேலையே எப்பொழுதும் பின்தள்ளப்படுகின்றது.

தமிழ்நாட்டு அரசு 2001-2002 ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பைச் சேர்ந்த மேல்நிலைப் பள்ளி மாணவியருக்கு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. 2005-2006 ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும், அரசின் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவ மாணவியர் பலருக்கும் அதனை விரிவாக்கியது. தொலைவு காரணமாகப் படிப்பு நின்றுவிடுதல் கூடாது என்பதே அதன் நோக்கம். மிதிவண்டி வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டது. ஆனால், “நெடுஞ்சாலையில் எப்படி அம்மா உன்னை அனுப்புவது?” என்று தாய் தயங்குகின்றாள். தந்தையும் அவ்வாறே தயங்குகின்றார். மிதிவண்டி திண்ணைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றது. மகள் கூட்டம் நிறைந்த பேருந்திலோ, அண்ணன் ஓய்வாக இருக்கும் நாளில் அவனுடைய மோட்டார் சைக்கிளிலோ செல்கின்றாள். பேருந்து தவறிய நாளில் பாடமும் தவறுகின்றது.

பெற்றோரின் இவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. உலகெங்கும் சாலை விபத்துகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழக்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரை உள்ளோரை நோயினும் மிகுதியாகக் கொல்வது சாலையே என்றும் அவ்வறிக்கை தெரிவிக்கின்றது. ஆகவே, தாயின் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு “ஒன்றும் ஆகாது” என்பது விடையாகாது. “இந்த வழியாகச் செல்வேன்; இன்ன இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பேன்” என்று தாளில் வரைந்து காட்டுவதே விடையாகும். அவ்வழியைக் காண்பது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

முதற்கண் ஒரு தவற்றை நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். குறுகிய வழியே நல்ல வழி என்று எண்ணுதல் இயல்பு. பேருந்து செல்லும் வழியையே மிதிவண்டிக்கும் வழியாகக் கொள்ளுதலும் இயல்பு. நெடுஞ்சாலை வழியே பள்ளி 2 கிலோமீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 15 கிலோமீட்டர் விரைவில் மிதிப்பவருக்கு அது 8 நிமிடப் பயணம். உள்தெருக்களின் வழியே சுற்றிச் சென்றால் 2¾ கிலோமீட்டர் ஆகுமாயின், 11 நிமிடம் செல்லும். வேறுபாடு 3 நிமிடமே. காலையில் தலைவாரப் பிந்துவதனால் இழக்கும் நேரம் இதனினும் மிகுதி!

இனி, ஒரு பெரிய தாளை எடுத்து ஊரை வரைதல் வேண்டும். கைப்பேசியில் காணும் நிலப்படத்தைப் பார்த்து வரைதலும் ஆகும்; எனினும், கையால் வரைந்த படமே நினைவில் நிற்கும். மேட்டுப்பாளையத்தின் படத்தில் முதலில் பவானி ஆறு வரையப்படும். பின் கோயம்புத்தூரிலிருந்து காரமடை வழியாக வந்து ஊருக்குள் நுழையும் நெடுஞ்சாலையும், ஏறக்குறைய அதனுடன் இணைந்தே வரும் இருப்புப் பாதையும் வரையப்படும். அன்னூர்ச் சாலையும், சிறுமுகை வழியாகச் சத்தியமங்கலம் செல்லும் சாலையும் பிரியும் இடங்கள் குறிக்கப்படும். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் குன்னூர் வழியாக உதகமண்டலத்துக்கு ஒரு சாலையும், கோத்தகிரிக்கு ஒரு சாலையும் பிரிந்து செல்வதும் காட்டப்படும். புகைவண்டி நிலையம், பேருந்து நிலையம், மண்டிகள், கடைவீதி ஆகியவற்றையும் குறித்துக்கொள்க. இவ்வளவும் ஆனபின் வீட்டையும் பள்ளியையும் இரண்டு புள்ளிகளாக இடுக.

இப்பொழுது படத்தை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஆறு, இருப்புப் பாதை, நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் ஊரைக் கூறுகளாகப் பிரிக்கின்றன. ஒரு கூற்றுக்குள்ளே எத்தனையோ தெருக்கள் உள்ளன. இத்தெரு வேண்டாம் எனில் அடுத்த தெருவில் செல்லலாம். ஆனால், ஒரு கூற்றிலிருந்து மற்றொரு கூற்றுக்குச் செல்ல வாயில்கள் சிலவே. ஆற்றைப் பாலத்தின் மீதுதான் கடக்க இயலும். இருப்புப் பாதையை அதற்கென அமைந்த இடத்தில்தான் கடத்தல் முறை. நெடுஞ்சாலையையோ, எங்கு வேண்டுமாயினும் கடக்கலாம் என்று தோன்றும். கடக்கத் தக்க இடங்கள் ஒன்றிரண்டே இருக்கும். ஆதலின் வழி வகுப்போர் வீட்டிலிருந்து தொடங்கித் தெருத்தெருவாகச் செல்லுதல் வேண்டா. எங்கே கடப்பது என்பதை முதலில் முடிவு செய்க. பின்னர், அவ்விடத்துக்கு வீட்டிலிருந்து அமைதியான தெருக்களையும், அவ்விடத்திலிருந்து பள்ளிக்கு அமைதியான தெருக்களையும் இணைத்துக்கொள்க. மிதிவண்டி செலுத்துவோருக்கு நேரும் தீங்குகளுள் பல, தெருவின் நெடுகிலும் அன்றி, தெருக்கள் கூடும் இடங்களிலேயே நேர்கின்றன. எனவே, வழியின் பாதுகாப்பு அதன் நீளத்தைப் பொறுத்தது அன்று. அவ்வழியில் எத்தனை முறை, எங்கே கடக்க வேண்டியுள்ளது என்பதைப் பொறுத்தது.

கடக்கத் தக்க இடம் எது? அதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. சாலையின் அகலம் 10 மீட்டர் என்று கொள்க. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் ஒரு மாணவி வினாடிக்கு ஒரு மீட்டர் செல்வாள். அவள் மறுபக்கத்தை அடைய 10 வினாடி வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவில் வரும் வண்டி அந்த 10 வினாடிக்குள் ஏறத்தாழ 140 மீட்டர் வந்துவிடும். ஆகவே, இருபக்கமும் 140 மீட்டர் தொலைவுக்கேனும் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடத்திலேயே அச்சாலையைக் கடத்தல் வேண்டும். வளைவின் அருகிலும், நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்னிருந்தும் கடத்தல் ஏன் தீது என்பது இதனால் விளங்கும். நூறு அடி நடந்து சென்றாவது நல்ல இடத்தில் கடப்பதே அறிவுடைமை. காவலரோ, விளக்குக் கம்பமோ உள்ள சந்திப்பு அருகில் இருக்குமாயின் அதனையே தேர்ந்துகொள்க.

வண்டியின் விரைவைப் பற்றி இன்னும் சிறிது கூறுதல் வேண்டும். ஏனெனில், பலரும் இதனைச் சரியாக உணர்வதில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் வரும் ஒரு காரின் முன் குழந்தை ஒன்று ஓடிவருகின்றது. ஓட்டுநர் அதனைக் கண்டு, காலை எடுத்துத் தடையை மிதிக்க ஒரு வினாடி ஆகும். அதற்குள் வண்டி 8 மீட்டர் ஓடிவிடும். தடை பற்றியபின் உலர்ந்த சாலையில் மேலும் 5 மீட்டர் சென்று நிற்கும். ஆக 13 மீட்டர். 50 கிலோமீட்டர் விரைவில் வந்தால் அவ்வண்டி நிற்க ஏறத்தாழ 28 மீட்டர் வேண்டும். விரைவு ஒன்றரை மடங்கைச் சற்றே கடந்தது. நிற்கும் தொலைவோ இரு மடங்குக்கு மேல் ஆயிற்று. மோதும் வேகத்தின் ஆற்றலோ ஏறத்தாழ 2¾ மடங்கு. 13 மீட்டருக்கும் 28 மீட்டருக்கும் இடையே நிற்கும் குழந்தை ஒரு விரைவில் பிழைக்கும். மற்றொரு விரைவில் பிழைத்தல் அரிது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய பல நாட்டு அமைச்சர்கள், நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் மோட்டார் வண்டிகளுடன் கலந்து செல்லும் இடங்களில் விரைவு 30 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்று அறிவித்தது இது கருதியே.

ஆகவே, தெருவைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே வண்டிகள் எத்தனை செல்கின்றன என்பதைக் காட்டிலும் எவ்வளவு விரைந்து செல்கின்றன என்பதைக் கருதுதல் நலம். அகன்று, ஆளரவமின்றி, நேராகக் கிடக்கும் சாலை பாதுகாப்பானது போலத் தோன்றும். அங்கேதான் வண்டிகள் பறக்கும். மாட்டு வண்டியும், தள்ளு வண்டியும், பூக்கடையும், விளையாடும் சிறுவர்களும் நிறைந்த குறுகிய தெரு தொல்லையாகத் தோன்றும். அங்கே எவரும் விரைந்து செல்ல இயலாது. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார் கண்ணும் நம்மீது இருக்கும். மாணவியர்க்கு இதுவும் ஒரு காவலே. ஆயினும் கடைவீதியில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஓரமாக நிறுத்தியுள்ள காரின் கதவு திடீரெனத் திறக்கும். அவற்றை ஒட்டிச் செல்லாமல் ஒரு மீட்டர் இடைவெளி விட்டுச் செல்லுதல் வேண்டும்.

வரைபடத்தில் வழி ஒன்று கிடைத்துவிட்டது என்று கொள்வோம். அதனை உடனே நம்பிவிடலாகாது. பெரியவர் ஒருவருடன் அவ்வழியே சென்று பார்த்தல் வேண்டும். எப்பொழுது செல்வது? பலர் ஓய்வு நாளாகிய ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்று பார்த்துவிட்டு, “சாலை வெறிச்சோடியிருக்கிறது, அஞ்ச வேண்டியதில்லை” என்பர். பள்ளி நாளில், பள்ளி நேரத்தில் பார்த்ததே பார்த்ததாகும்.

மேட்டுப்பாளையத்தில் ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு வகைப் போக்குவரத்து உண்டு. விடியலில் மலையேறும் சுற்றுலா வண்டிகள். மண்டிக்கு வரும் லாரிகளும் திரும்பும் லாரிகளும். ஒன்பது மணியை ஒட்டிப் பள்ளி வண்டிகளும் அலுவலகம் செல்வோரும். மாலையில் மலையிலிருந்து இறங்கும் வண்டிகள். இவற்றுள் கடைசியாகக் கூறியதைத் தனியே கருதுதல் வேண்டும். குன்னூரிலிருந்து வளைந்து வளைந்து இறங்கிவரும் ஓட்டுநர் கல்லாற்றை அடைந்தவுடன் சமவெளியைக் காண்கின்றார். சாலை நேராகின்றது. அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த வண்டியை ஓடவிடுகின்றார். சற்றுத் தொலைவில் ஓர் ஊரும், அவ்வூரில் பள்ளி விட்டு வரும் குழந்தைகளும் உள்ளனர் என்பது அவர் நினைவுக்கு எட்டுவதில்லை.

கோடைக் காலத்தில் மலைக்குச் செல்லும் கூட்டம் சொல்லுந் தரமன்று. மே மாதத்தில் குன்னூர்ச் சாலையில் ஏறவும், கோத்தகிரிச் சாலையில் இறங்கவும் ஆக, ஒருவழிப் போக்குவரத்தாகச் செய்வது வழக்கம். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இணையவழி நுழைவுச் சீட்டு வேண்டியதாயிற்று. 2025 ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வண்டிகளின் தொகையும் வரையறுக்கப்பட்டது; வேலை நாட்களில் நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000. வரையறுத்த தொகையே இவ்வளவு எனில், வரையறை இல்லாத நாளில் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மைசூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நீலகிரிக்கு வேறு வழிகள் உள்ளன. பாதி வண்டிகளே மேட்டுப்பாளையம் வழியாகச் செல்வதாகக் கொண்டாலும், வேலை நாளின் பன்னிரண்டு மணி நேரத்தில் மணிக்கு 250 வண்டிகள் ஆகின்றன. உள்ளூர் வண்டிகளும், பேருந்துகளும் இக்கணக்கில் சேரா.

இந்த 250 என்னும் எண்ணை நினைவில் கொள்க. இந்தியச் சாலைப் பேரவை 1962 இலேயே மிதிவண்டிப் பாதைகளுக்கென விதிகளை வகுத்துள்ளது. ஒரு சாலையில் மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டிகள் செல்லுமாயின், மிகுதியான நேரத்தில் 400 மிதிவண்டிகள் சென்றால் அவற்றுக்குத் தனிப்பாதை அமைக்கலாம். மோட்டார் வண்டிகள் மணிக்கு 200க்கு மேற்படுமாயின், மிதிவண்டிகள் 100 மட்டுமே சென்றாலும் தனிப்பாதை தகும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அந்நாளில் தமிழ்நாட்டு ஊர்களில் மிதிவண்டியே பெரும்பாலோரின் ஊர்தி. அம்பத்தூரில் 1949 இல் தோன்றிய தொழிற்சாலையிலிருந்து மிதிவண்டிகள் நாடெங்கும் சென்றன. விளக்கின்றி ஓட்டினால் காவலர் பிடிப்பர் என்ற அச்சமும் இருந்தது. விதி எழுதப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றது. அவ்விதிப்படி அமைந்த பாதையைக் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? மிதிவண்டிகள் குறைந்துவிட்டன, ஆதலின் பாதை வேண்டா என்பர் சிலர். பாதை இல்லாமையால் மிதிவண்டிகள் குறைந்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

வண்டிகளை எண்ணுவது மாணவர்களால் இயலாத செயல் அன்று. சாலையோரத்தில் பாதுகாப்பான ஓரிடத்தில், ஆசிரியர் ஒருவருடன் நால்வர் அமர்ந்துகொள்க. ஒருவர் லாரி, பேருந்துகளையும், ஒருவர் கார்களையும், ஒருவர் மோட்டார் சைக்கிள்களையும், ஒருவர் மிதிவண்டிகளையும் நடப்போரையும் எண்ணுக. நான்கு கோடுகள் இட்டு ஐந்தாவதைக் குறுக்கே இடும் பழைய முறையே போதும். 15 நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மணிக் கணக்கு ஏறக்குறையக் கிடைக்கும். திங்கள் ஒரு நாள், வெள்ளி ஒரு நாள், சனி ஒரு நாள் என எண்ணினால் வேறுபாடும் புலனாகும். காரமடை அரங்கநாதர் கோயிலின் மாசித் தேர்த் திருவிழாவின்போதும், தேக்கம்பட்டி வனபத்திரகாளியம்மன் கோயிலின் ஆடிக் குண்டத்தின்போதும் சாலைகளின் நிலையே மாறிவிடும். அந்நாட்களுக்கு வேறு வழியைக் குறித்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

சந்திப்புகளில் கருத வேண்டியவற்றுள் தலையாயது லாரி திரும்பும் முறை. நீண்ட லாரி இடப்புறம் திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்திலேயே வருவதில்லை; உள்வாங்கி, சாலையின் ஓரத்தை ஒட்டி வரும். லாரிக்கு இடப்பக்கமாக மிதிவண்டியில் நிற்பவர், தமக்கு நிறைய இடம் உள்ளது என்று எண்ணுவார். லாரி திரும்பத் தொடங்கியதும் அவ்விடம் சுருங்கி இல்லாமற் போகும். ஓட்டுநரோ உயரத்தில் அமர்ந்திருக்கின்றார்; தம் இடப்பக்கக் கதவின் அருகே தாழ நிற்பவரை அவரால் காண இயலாது. மண்டிகள் உள்ள ஊரில் இதனை ஒவ்வொரு குழந்தையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. நின்றிருக்கும் லாரியின் இடப்பக்கமாக நுழைந்து முன்னே செல்லுதல் ஒருபோதும் கூடாது. அதன் பின்னே நின்று, அது சென்றபின் செல்க.

வலப்புறம் திரும்புதலும் இடர் உடையது. சாலையின் நடுவே சென்று நின்று, எதிரே வரும் வண்டிகளுக்கும் பின்னே வரும் வண்டிகளுக்கும் இடையில் தவிக்க நேரிடும். அதற்குப் பதிலாக, சந்திப்பை நேராகக் கடந்து, அப்பால் ஓரமாக இறங்கி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்போருடன் குறுக்கே கடத்தல் எளிது. வழி வகுக்கும்போதே வலப்புறத் திருப்பங்கள் குறையுமாறு வகுத்தல் இன்னும் சிறப்பு. தண்டவாளங்களைக் கடக்கும்போது சக்கரம் தண்டவாளத்துக்குச் செங்குத்தாகச் செல்லுதல் வேண்டும். சாய்ந்து சென்றால் சக்கரம் இடுக்கில் பற்றிக்கொள்ளும்; மழை நாளில் இரும்பின் மீது வழுக்கும். அங்கும் இறங்கித் தள்ளிச் செல்வதே நன்று.

மழையைக் கூறினோம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கு அடைமழை பெய்யும். கோடையில் நல்ல வழியாக இருந்தது அப்போது பள்ளமும் நீருமாக மாறும். நீர் நிறைந்த பள்ளத்தின் ஆழம் தெரியாது. மூடியில்லாத சாக்கடையும் தெரியாது. ஆகவே, கோடையில் வரைந்த வழியை மழைக்காலத் தொடக்கத்தில் மீண்டும் ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். நாட்கள் குறுகுவதனால் சிறப்பு வகுப்பு முடிந்து திரும்புங்கால் இருள் சூழ்ந்துவிடும். தெருவிளக்கு எரியாத இடங்களைப் படத்தில் கருப்புப் புள்ளியால் குறிக்க. மிதிவண்டியின் முன்னே விளக்கும், பின்னே ஒளி திருப்பும் சிவப்புக் கண்ணாடியும் இருத்தல் வேண்டும்.

சமவெளி நகரங்களில் எவரும் எண்ணிப் பாராத ஒன்று இங்கு உண்டு. கல்லாற்றுப் பகுதி யானைகள் வழிவழியாகக் கடந்து செல்லும் தடம். மலைச் சாலைகளிலும், ஊரைச் சூழ்ந்த தோட்டங்களிலும் அவை வருவதுண்டு. மனிதர் வழி வகுப்பதற்கு முன்னரே தம் வழியை வகுத்துக்கொண்டவை அவை. ஓடந்துறை, கல்லாறு, தேக்கம்பட்டிப் பக்கங்களிலிருந்து பள்ளிக்கு வருவோர், விடியுமுன்னும் இருட்டிய பின்னும் காட்டை ஒட்டிய வழியே தனியே மிதிவண்டியில் செல்லுதல் கூடாது. அவர்களுக்கு அந்நேரத்தில் பேருந்தே நல்ல வழி. மிதிவண்டி எங்கும் எப்பொழுதும் ஏற்றது என்று நாம் கூறவரவில்லை.

மாலை வழி தனியே வரையத் தக்கது. காலையில் இடப்புறமாக எளிதில் திரும்பிய இடம், மாலையில் வலப்புறத் திருப்பமாகிவிடும். காலையில் வெயில் முதுகில் பட்ட தெருவில், மாலையில் எதிர்வரும் ஓட்டுநரின் கண்ணில் படும். அவருக்கு நாம் தெரிய மாட்டோம். போகும் வழி ஒன்றாகவும் வரும் வழி மற்றொன்றாகவும் இருப்பதில் குற்றமில்லை. அவற்றை இரு நிறங்களில் வரைந்துகொள்க.

இத்தனையும் செய்து முடித்த மாணவி, தன் பக்கத்துக் கடமையைச் செய்துவிட்டாள். ஆனால், ஒரு குழந்தை எவ்வளவு கருத்துடன் சென்றாலும், கடப்பதற்கு இடமே அமைக்கப்படாத சாலையை அவளால் திருத்த இயலாது. அது ஊரின் கடமை. நெதர்லாந்து நாடு இன்று மிதிவண்டிக்குப் பெயர் பெற்றது. அந்நாட்டு மக்கள் பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவர்கள் அல்லர். 1971 ஆம் ஆண்டில் அங்கே சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் திரண்டெழுந்து, ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்னும் பெயரில் ஓர் இயக்கம் கண்டனர். ஆம்ஸ்டர்டாம் நகரில் நெருக்கமாக வீடுகள் அமைந்த டி பைப் என்னும் பகுதியில், 1972 இல் பள்ளிச் சிறுவர்களே தங்கள் தெருவை வண்டிகளிடமிருந்து மீட்டுத் தருமாறு கேட்டனர். அதன் பின்னரே விரைவு குறைந்த தெருக்களும், தனிப்பாதைகளும் அங்கு ஒவ்வொன்றாக வந்தன. நம் நாட்டிலும் 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றனர். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல் உடைக்கும் பெண்களும், வயலில் உழைக்கும் பெண்களும் எவரையும் எதிர்பாராமல் தாமே சந்தைக்கும் பணிக்கும் சென்றனர். ஏளனம் செய்தவர்கள் இருந்தனர். அப்பெண்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. எழுத்தறிவுடன் மிதிவண்டியும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டது என்பதை நோக்குக.

மேட்டுப்பாளையத்து மாணவர்கள் யாரிடம் கேட்பது? இதனை அறியாமையால் பல மனுக்கள் வீணாகின்றன. ஊரின் உள்தெருக்கள், தெருவிளக்கு, சாக்கடை மூடி ஆகியவை நகராட்சியின் பொறுப்பு. தேசிய நெடுஞ்சாலையில் கடக்கும் கோடு, எச்சரிக்கைப் பலகை, வேகத்தடை ஆகியவை நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவுக்கு உரியவை. பள்ளி நேரத்தில் சந்திப்பில் காவலர் நிற்பதும், லாரிகள் தெருவை அடைத்து நிற்பதைத் தடுப்பதும் போக்குவரத்துக் காவல் துறையின் பணி. தண்டவாளத்தைக் கடக்கும் இடம் இரயில்வேக்கு உரியது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் கிராம சபையில் கேட்கலாம். இவை அனைத்தும் ஒருங்கே கருதப்பட வேண்டுமாயின், மாவட்ட ஆட்சியரின் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு உள்ளது. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறை கேட்கும் நாளும் உண்டு.

‘எங்கள் ஊரில் சாலை பாதுகாப்பாக இல்லை, ஆவன செய்க’ என்று எழுதிய மனுவுக்கு எந்த அலுவலராலும் எதுவும் செய்ய இயலாது. ‘இன்ன சந்திப்பில், இன்ன நாளில், காலை 8.45 முதல் 9 மணி வரை இத்தனை லாரிகளும், இத்தனை கார்களும், பள்ளி செல்லும் இத்தனை மிதிவண்டிகளும் கடந்தன. இங்கே கடக்கும் கோடு ஒன்றும், பள்ளி நேரத்தில் காவலர் ஒருவரும் வேண்டும்’ என்று எழுதிய மனு வேறு. அதனுடன் வரைபடத்தின் படி ஒன்றையும், எண்ணிக்கைத் தாளையும் இணைத்து, தலைமையாசிரியரின் கையொப்பமும் பெற்றோர் சிலரின் கையொப்பமும் பெற்றுக் கொடுத்தல் வேண்டும். கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பாமல், நாளும் எண்ணும் குறித்த ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுதல் வேண்டும்.